படத்துக்கு வெள்ளிக்கிழமை விமர்சனம்; எபிசோடுக்கு எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் டிவி சீரியல்களைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். எல்லா சீரியலும் அழுகை, எல்லா மாமியாரும் கொடுமைக்காரி, இதையெல்லாம் பார்த்துப் பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்று அரைப் பக்கத்துக்கு ஒருவர் எழுதியிருந்தார். இன்னொரு தடவையும் படித்துப் பார்த்தேன். ஒரு சீரியலின் பெயர் இல்லை. எந்த நாள் எபிசோட் என்று இல்லை. ஒரே ஒரு காட்சியைக்கூட எடுத்துச் சொல்லவில்லை. டிவியைப் போடாமலேயே எழுதிவிடக்கூடிய கட்டுரை. தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் ஒரு புதுப் படத்துக்கு விமர்சனம். இடைவேளைக்கு முன்னால் எப்படி, பின்னால் எப்படி, பாட்டு எந்த இடத்தில் இடைஞ்சல் என்று நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படம் எங்கள் பக்கத்துத் தியேட்டருக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. எங்கள் பக்கத்தில் தியேட்டரே குறைந்துவிட்டது, அகஸ்தியாவையும் மூடியாகிவிட்டது, அது வேறு விஷயம்.

படத்துக்குக் கொடுக்கிற அந்தக் கவனத்தை ஒரு எபிசோடுக்குக் கொடுத்தால் என்ன? பாராட்டச் சொல்லவில்லை. நன்றாகத் திட்டுங்கள். ஆனால் பார்த்துவிட்டுத் திட்டுங்கள். இன்ன சீரியல், இன்ன கிழமை, இந்த இடத்தில் சொதப்பிவிட்டார்கள் என்று சொல்லித் திட்டுங்கள்.

நான் தண்டையார்பேட்டையில், டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் ஜாக்கெட் தைக்கிறேன். மிஷினுக்கு எதிர்ச் சுவரில் டிவி. பகலில் பழசு, சாயங்காலம் புதுசு என்று கடை சாத்தும்வரை ஓடிக்கொண்டிருக்கும். துணி கொடுக்க வருகிறவர்கள், வாங்க வருகிறவர்கள், சும்மா வருகிறவர்கள் என்று ஸ்டூலில் எப்போதும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பேசுவது விமர்சனம் இல்லையென்றால் வேறு எது விமர்சனம் என்று எனக்குத் தெரியவில்லை. காசிமேட்டில் மீன் விற்கிற ஒரு அக்கா அளவு கொடுக்க நின்றுகொண்டே டிவியைப் பார்த்தார். கதாநாயகி மாடிப்படியில் நிற்கிறாள், கீழே ஹாலில் குடும்பமே அண்ணாந்து பார்க்கிறது. மூன்று நாளாக அதே படி, அதே ஹால். "இன்னா டெய்லரம்மா, முந்தாநேத்து எறங்க ஆரம்பிச்சவ இன்னும் கீழ வந்து சேரலியே. லிப்ட்டு கிப்ட்டு ரிப்பேரா?" என்றார். அந்த எபிசோடைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் அரைப் பக்கத்தில் சொல்லாததை அவர் நின்ற நிலையில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தைத்துக் கொடுத்த ஜாக்கெட் சரியில்லை என்றால், கை இறுக்கமா, கழுத்து இறக்கமா, முதுகில் சுருக்கம் விழுகிறதா என்று சொன்னால்தான் நான் பிரித்துத் திருத்த முடியும். "உன் தையலே சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் எதைப் பிரிப்பது? உங்கள் கட்டுரை அந்த மாதிரிதான் இருந்தது. அதனால் யாருக்கு லாபம் என்று நினைக்கிறீர்கள்? சோம்பேறித்தனமாக எழுதுகிறவர்களுக்குத்தான். எல்லாமே குப்பை என்று சொல்லிவிட்டால் நிஜக் குப்பையைக் கொட்டுகிறவருக்கு நிம்மதி. கஷ்டப்பட்டு ஒரு நல்ல காட்சி எழுதினவருக்கு மட்டும் அநியாயம்.

மிஷினில் உட்கார்ந்தால் கண் ஊசியில் இருக்க வேண்டும். அதனால் சீரியலைப் பாதிக்கு மேல் நான் காதால்தான் பார்க்கிறேன். அப்படிப் பார்க்கிறவளுக்குச் சில விஷயங்கள் சீக்கிரம் பிடிபடும். ஒருத்தி ஓர் உண்மையைப் போட்டு உடைப்பாள். உடனே டமார் என்று ஓர் அடி. அது மாமியார் முகம். இன்னொரு டமார், நாத்தனார். அடுத்தது கொழுந்தன். அப்புறம் வேலைக்காரம்மா, அவருக்கும் ஒன்று. கடைசியில் சொன்னவளின் முகமே திரும்ப வரும். இந்தச் சுற்று முடிவதற்குள் ஒரு கைக்கு ஓரம் மடித்து அடித்து முடித்துவிடுவேன். தலை நிமிர வேண்டிய அவசியமே இல்லை. எந்த எபிசோடில் தலை நிமிராமலே முழுக்கதையும் விளங்குகிறதோ, அதில் படம் பிடித்தவர்களுக்கு வேலையே இல்லை என்று அர்த்தம். எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லிவிடுகிறார்கள். "நான் உன் அண்ணி, இந்த வீட்டுக்கு வந்து பத்து வருஷம் ஆச்சு" என்று சொந்தக் கொழுந்தனிடமே ஒருத்தி சொல்கிறாள். அவனுக்கு அது தெரியாதா?

ஆனால் அதே சத்தத்துக்கு நடுவில் திடீரென்று ஒரு நாள் டிவி அமைதியாகிவிடும். கரண்ட் போய்விட்டதோ என்று நிமிர்ந்து பார்ப்பேன்.

அப்படி ஒரு புதன்கிழமை நடந்தது. சீரியல் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த வேலையை உங்கள் விமர்சகர் செய்யட்டும். சமையலறை. மருமகள் அரிசி டிரம்மைத் திறந்து படியால் அளக்கிறாள். மூன்றாவது படி போடும்போது கையில் ஏதோ தட்டுப்படுகிறது. எடுத்துப் பார்த்தால் மாமியாரின் பாங்கு பாஸ்புக், பிளாஸ்டிக் கவரில் சுற்றி. பிரித்துப் பார்க்கிறாள். பாஸ்புக்கை நமக்குக் காட்டவில்லை, அவள் முகத்தைத்தான் காட்டினார்கள். அவள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பக் கவரில் போட்டு, இருந்த இடத்திலேயே புதைத்து, உள்ளங்கையால் அரிசியைச் சமப்படுத்துகிறாள். அப்புறம் ஒரு கணம் யோசித்து, சமப்படுத்தினதை விரலால் லேசாகக் கலைத்துவிடுகிறாள். முன்பு அரிசி அப்படித்தான் கிடந்தது. வசனம் கிடையாது, பின்னணி இசை கிடையாது. அரிசி விழுகிற சத்தமும் வெளியே எங்கோ குக்கர் விசிலும்தான். கடையில் இருந்த மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அந்தக் கடைசிக் கலைப்பு இருக்கிறதே, அதை யோசித்தவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக் கும்பிடலாம். மாமியாருக்குப் பயந்து வாழ்கிற ஒரு பெண் எவ்வளவு கவனமாக இருப்பாள் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

மறுநாள் வியாழன். அதே மருமகள் மொட்டை மாடியில் புருஷனுக்குப் போன் போட்டு, அரிசி டிரம்மில் பாஸ்புக் இருந்தது, அதில் இவ்வளவு பணம், அதை நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன், அத்தைக்குத் தெரியாது என்று ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறாள். நாத்தனார் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று கேட்கிறாள். டமார், டமார், டமார். நேற்று நமக்கு அவள் முகத்தில் தெரிந்ததையெல்லாம் இன்று வாயால் கேட்க வேண்டியிருந்தது. அதோடு, நேற்று அரிசியைக் கலைத்துவிட்டு வந்த அத்தனை கவனமுள்ளவள், பின்னால் ஆள் நிற்பது தெரியாமல் கத்திப் பேசுவாளா?

ஒரே சீரியல், ஒரே வாரம். புதன் ரத்தினம், வியாழன் வீண். இதை "சீரியல்" என்று ஒரே சொல்லில் போட்டு மூடினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. அதனால்தான் எபிசோடாகப் பாருங்கள் என்கிறேன்.

ஏன் இப்படி ஆகிறது என்பதும் விமர்சகர்கள் எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயம். முக்கால்வாசி சீரியல் திங்களிலிருந்து சனிவரை, வாரத்துக்கு ஆறு எபிசோட். அரை மணி நேரத்தில் விளம்பரம், நேற்றையக் கதை, தலைப்புப் பாட்டு, நாளைய ப்ரோமோ எல்லாம் போகக் கதைக்குக் கிடைப்பது இருபது நிமிஷம் சொச்சம். ஒருவர் திரைக்கதை, வேறொருவர் வசனம். ஒரே வீட்டில் எடுக்க வேண்டிய காட்சிகளையெல்லாம் மொத்தமாக எடுத்துவிடுவார்கள், வாசலுக்கு வெளியே நடப்பது இன்னொரு நாள். அது எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் என் தொழில் ஜாக்கெட். ஹாலுக்குள் முழங்கைவரை பார்டர் வைத்த கையோடு கோபித்துக்கொண்டு கிளம்புகிறவள், வாசற்படியைத் தாண்டினதும் குட்டைக் கையோடு தெருவில் நடக்கிறாள். புடவை அதே புடவை. துணிக்குப் பொறுப்பானவர் புடவையை ஞாபகம் வைத்து ஜாக்கெட்டை விட்டுவிட்டார். ராத்திரி பட்டுப்புடவையும் ஒட்டியாணமுமாகப் படுத்துத் தூங்குகிறார்களே, அதைப் பற்றி எழுதி அலுத்துவிட்டது எல்லோருக்கும், நான் விட்டுவிடுகிறேன். ஆனால் ஊரடங்கில், 2020இல், படப்பிடிப்பெல்லாம் நின்றுபோய் மெட்டி ஒலியைத் திரும்பப் போட்டார்களே, அப்போது கவனித்தேன். ஐந்து பெண்களைப் பெற்ற அந்த அப்பா சிதம்பரத்தின் வீட்டில் ஆட்கள் வீட்டில் இருக்கிற மாதிரியே இருந்தார்கள். சிதம்பரமாக நடித்த டெல்லி குமார் ஈஸிசேரில் சாய்ந்து பேப்பர் படித்தால் அது நம் வீட்டுப் பெரியவர் படிக்கிற மாதிரிதான். அவர் மகள் சரோஜாவை அவள் மாமியார் ராஜம் படுத்திய பாட்டில் இழுவையும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. 800 எபிசோடுக்கு மேல் போனதில் எத்தனையோ நாள் சும்மா போனது. இருந்தாலும் எந்த நாள் சும்மா, எந்த நாள் சொக்கத்தங்கம் என்று பிரித்து எழுதி வைத்திருக்க வேண்டாமா? கோலங்கள் 2003இல் தொடங்கி 2009வரை 1,500 எபிசோடுக்கு மேல் ஓடியது. நாளுக்கு இருபது நிமிஷம் என்று போட்டாலே ஐந்நூறு மணி நேரம். இருநூறு சினிமாவுக்குச் சமம். இருநூறு படம் வந்து போனதை ஒரு பத்திரிகை ஒரே வரியில் முடிக்குமா?

எபிசோடைப் பற்றி எழுதியதே இல்லையா என்றால், எழுதியிருக்கிறீர்கள். சாதனை என்றால் எழுதுகிறீர்கள். நாதஸ்வரத்தின் ஆயிரமாவது எபிசோட், 2014 மார்ச் 5ஆம் தேதி, காரைக்குடியிலிருந்து நேரடி ஒளிபரப்பு. இருபத்து மூன்று நிமிஷத்துக்கு மேல் கேமராவை எங்கேயும் வெட்டாமல் ஒரே ஷாட். கின்னஸ் சாதனை என்று எல்லா இடத்திலும் செய்தி வந்தது. இயக்குநர் திருமுருகனும் அவரோடு இருந்தவர்களும் செய்தது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒருவர் வசனம் மறந்தால் போச்சு. ஆனால் அன்றைக்கு யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. வெட்டாமல் எடுத்ததால் கதைக்கு என்ன கிடைத்தது? அந்த எபிசோடைப் பார்த்தவர்களிடம் இப்போது கேட்டால் கேமராவைப் பற்றித்தான் சொல்கிறார்கள். கதையில் அன்று யாருக்கு என்ன ஆனது என்று கேட்டால் முழிக்கிறார்கள். அதைச் சொல்வதுதான் விமர்சனம். கின்னஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், சரி. விமர்சகர் வேறு எதையாவது பார்க்க வேண்டும் இல்லையா?

அப்புறம் எதிர்நீச்சல். ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8ஆம் தேதி இறந்துபோனார். அந்த வேடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். அடுத்து யார், எப்போது வருகிறார் என்று அந்த நாட்களில் எல்லாப் பத்திரிகையும் போட்டி போட்டுக்கொண்டு எழுதின. நம் சீரியல்களில் "இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு அட்டை போட்டுவிட்டு ஆளை மாற்றுவது பழைய வழக்கம். மறுநாள் புது முகம் அதே சோபாவில் உட்கார்ந்து காபி குடிக்கும், நாமும் பழகிக்கொள்வோம். ஆனால் குணசேகரன் விஷயத்தில் அது நடக்காது. அந்த ஆள் பயமுறுத்துகிறவர், அதே சமயம் சிரிக்கவும் வைப்பார். "இந்தாம்மா ஏய்" என்று அவர் கூப்பிட்டால் எங்கள் கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்போது ஒவ்வொருத்திக்கும் தன் வீட்டு ஆள் ஞாபகம் வரும், சிரிப்பு பாதியில் நிற்கும். அந்தக் கலவை மாரிமுத்துவின் வாயிலிருந்து வந்தது. வேல ராமமூர்த்தியின் கம்பீரம் வேறு மாதிரி. அவர் முறைத்தால் பயம் மட்டும்தான் வரும், சிரிப்பு வராது. அப்படியானால் எழுதுகிறவர்கள் என்ன செய்தார்கள்? அதே வசன நடையை அவர் வாயில் வைத்தார்களா, இல்லை மனுஷனுக்கு ஏற்ற மாதிரி எழுத்தை மாற்றினார்களா? எந்த எபிசோடில் அது பொருந்த ஆரம்பித்தது, எதில் துருத்திக்கொண்டு நின்றது? நான் படித்த எந்தப் பத்திரிகையிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. டிஆர்பியில் எத்தனையாவது இடம் என்பது மட்டும் வாராவாரம் வந்தது. வியாழக்கிழமையானால் எண் வந்துவிடுகிறது, நீங்களும் முதல் ஐந்து இடம் என்று பட்டியல் போடுகிறீர்கள். எத்தனை வீட்டில் ஓடியது என்று அந்த எண் சொல்லும். ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் ஸ்டூலில் இருந்தவர் கொட்டாவி விட்டாரா என்று சொல்லாது.

காமெடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிரிப்பு சீரியலுக்கு விமர்சனம் எழுதுவது அழுகை சீரியலைவிடக் கஷ்டம் என்று நினைக்கிறேன். ஏன் சிரிப்பு வந்தது என்று விளக்கினால் சிரிப்பு போய்விடும். ஆனால் ஏன் வரவில்லை என்று விளக்கலாம், அது முடியும். பாலசந்தர் நிறுவனம் தயாரித்து நாகா எடுத்த ரமணி வெர்சஸ் ரமணியில் ஒரு எபிசோடுக்கு ஒரு சங்கதிதான். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் அற்பமான ஒரு விஷயம் கிளம்பும், பெருக்கும், அன்றைக்கே முடியும். அடுத்த தடவை புதுச் சங்கதி. லொள்ளு சபாவில் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு உரிப்பார்கள். எல்லா வாரமும் சிரிப்பு வந்தது என்று சொல்ல முடியாது. சில வாரம் ஒரே ஜோக்கை அரை மணி நேரம் அரைத்தார்கள். ஆனாலும் எங்கே நன்றாக இருந்தது, எங்கே சறுக்கியது என்று சொல்ல முடிந்தது, ஏனென்றால் அன்றையது அன்றோடு முடிந்தது. இப்போது காமெடி சீரியல் என்று தனியாக அநேகமாக இல்லை. சிரிப்பெல்லாம் சமையல் போட்டிக்கும் பாட்டுப் போட்டிக்கும் போய்விட்டது. தினசரி சீரியலில் ஒரு மாமாவோ வேலைக்காரனோ நடுவில் வந்து தடுக்கி விழுந்துவிட்டுப் போகிறார். விழும்போது ஒரு "டொய்ங்". அந்த டொய்ங் இல்லாவிட்டால் அது காமெடி என்று நமக்குத் தெரியாதாம்.

எங்கள் ஊர் ஆட்களை சீரியலில் எப்படிக் காட்டுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் தெருவில் என்னைச் சும்மா விட மாட்டார்கள். பணக்கார வீட்டு வில்லிக்கு அடியாள் வேண்டுமென்றால் உடனே வட சென்னைக்கு ஆள் அனுப்புகிறார்கள். கழுத்தில் கர்ச்சீப், கட்டம் போட்ட லுங்கி, வாய் நிறைய "இன்னா நைனா". கதாநாயகியைக் கடத்திக்கொண்டு போய் வைப்பது காசிமேட்டு கோடவுன். எங்கள் காசிமேட்டில் கோடவுன் மாதிரி கட்டடத்துக்குள் போனால் ஐஸ்கட்டிதான் இருக்கும், மீனுக்கு. அங்கே ஒரு பெண்ணை நாற்காலியில் கட்டி வைத்தால் பத்து நிமிஷத்தில் நாலு பேர் வந்து யாரும்மா நீ, டீ சாப்பிட்டியா என்று கேட்பார்கள். மீன்பிடித் தடைக்காலம் என்று ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதிவரை அறுபத்தொரு நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் எங்கள் பக்கம் ஆம்பிளைகளும் உட்கார்ந்து சீரியல் பார்ப்பார்கள். அப்படி ஒரு மாலை, மனைவிக்கு ஜாக்கெட் வாங்க வந்த ஒரு அண்ணன் அந்த அடியாளைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "ஏன்கா, இவன் பேசுறது எந்த ஊரு பாஷை? நம்ம பாஷை மாதிரியும் கீது, இல்லாத மாதிரியும் கீது." கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே சந்தேகம். வேறு எங்கேயோ உட்கார்ந்து எங்கள் பேச்சைக் கற்பனை செய்து எழுதுகிறார்கள், அதுதான் விஷயம். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் இது தெரியாது. அந்த ஒரு எபிசோடின் வசனத்தை எடுத்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். புருஷன் மனைவியை அறைகிறான், அது திங்கள். அறைந்தவன் தப்பு செய்தான் என்று காட்டப் போகிறார்கள் என்று நாமும் காத்திருப்போம். வெள்ளிக்கிழமை அவளே அவனுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்து "என் மேலதான் தப்பு" என்கிறாள், பின்னணியில் வீணை. திங்கள் எபிசோடை மட்டும் பார்த்தவர் இது கொடுமையைக் காட்டுகிற சீரியல் என்பார். வெள்ளி எபிசோடைப் பார்த்தவருக்குத்தான் அது என்ன சீரியல் என்று தெரியும். இதற்குப் புகார் கொடுக்க வழி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். கேபிள் டிவி சட்டத்தில் நிகழ்ச்சிகளுக்கு விதிகள் உண்டு, சேனல்காரர்கள் 2011இல் புகார் விசாரிக்க ஒரு கவுன்சிலும் வைத்தார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் புகாரா கொடுப்பது? வெட்டு, தடை செய் என்று நான் கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை எபிசோடை எழுதியவரின் பெயரைப் போட்டு, இது கோழைத்தனமான எழுத்து என்று ஒரு பத்திரிகை சொன்னால் போதும். அவர் அடுத்த தடவை பேனாவை எடுக்கும்போது ஒரு நிமிஷம் யோசிப்பார். இப்போது அவர் பெயரே யாருக்கும் தெரியாது. டைட்டிலில் பேர் ஓடுகிற வேகத்தில் என் கண்ணுக்கு எட்டுவது தயாரிப்பாளர் பெயர் மட்டும்தான்.

தினம் இத்தனை சேனலில் இத்தனை சீரியல், எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். எல்லாம் எழுத வேண்டாம். வாரத்துக்கு ஒன்று, கால் பக்கம். திங்களையும் சனியையும் விட்டுவிடுங்கள். திங்கள் எபிசோட் போன வாரம் தொங்கவிட்டதை அவிழ்க்கும், சனி அடுத்த வாரத்துக்குத் தொங்கவிடும், இரண்டிலும் ஆள் பிடிக்கிற வேலைதான் அதிகம். மகா சங்கமம் என்று இரண்டு குடும்பத்தைக் கொண்டுவந்து ஒரே கல்யாண மண்டபத்தில் போடுவார்களே, அதையும் விடுங்கள். செவ்வாய் அல்லது புதன் எடுங்கள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து எழுதுகிற நாள் அதுதான், நல்லதும் கெட்டதும் அங்கே வேஷம் போடாமல் இருக்கும். கதைச் சுருக்கம் வேண்டவே வேண்டாம். அது போனில் மூன்று நிமிஷத்தில் கிடைக்கிறது, எங்கள் தெருவில் அதைவிடச் சீக்கிரம் கிடைக்கும். நட்சத்திரம் போடுகிற வழக்கமும் வேண்டாம். எபிசோட் தொடங்கியபோது இருந்த நிலைமைக்கும் முடியும்போது இருக்கிற நிலைமைக்கும் ஏதாவது வித்தியாசம் உண்டா, அந்த வித்தியாசத்தை யார் கொண்டுவந்தார், கதாபாத்திரமா இல்லை தற்செயலாகக் கீழே விழுந்த ஒரு கடிதமா, இதைச் சொல்லுங்கள். எழுதியவர், இயக்கியவர் பெயரைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

யாரை எழுதச் சொல்வது என்பதும் முக்கியம். சினிமா விமர்சகருக்குத் தண்டனையாக இதைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் முதல் வரியிலேயே மூக்கைப் பொத்திக்கொள்வார். தினம் பார்க்கிறவர், பார்ப்பதைச் சொல்ல வெட்கப்படாதவர் ஒருவரைப் பிடியுங்கள். உங்கள் அலுவலகத்திலேயே இருப்பார்கள், ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஒரு சின்ன வேண்டுகோள். தீபாவளித் தையல் தொடங்கிவிட்டால் எனக்குப் பேப்பர் விரிக்க நேரம் இருக்காது, ஐப்பசி பிறக்கும்போது இடுப்பு ஒடிந்துவிடும். அதற்கு முன்னாலேயே அந்தப் பகுதியை ஆரம்பித்தால் நல்லது. வருகிற நாளில் இரண்டு பேப்பராக வாங்கிவிடுகிறேன். ஒன்று எனக்கு, இன்னொன்று கடைக்கு வருகிறவர்கள் சண்டை போட.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தையல் கடை, தண்டையார்பேட்டை, சென்னை.